உதைக்காத துப்பாக்கி

துப்பாக்கிதான். அதற்காக ஏன் அவ்வளவு தள்ளிப் போகிறாய்? வா, இப்படி நடுவில் உட்கார். இந்த பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. நீ அந்த ஓரத்தில் உட்கார்ந்தால் நான் இந்த ஓரத்தில் மேலே போய்விடுவேன். இது வெடிக்காது அம்மா. ரொம்ப சாது. உதைக்காது, கத்தாது. நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது.

நீ எதற்கு வந்திருக்கிறாய்? போன் தொலைந்துவிட்டதா? எழுதிக் கொடு. கிடைக்காது, ஆனாலும் எழுதிக் கொடு. நான் ஒவ்வொரு தேர்தலுக்கும் வருகிறவள். உனக்குத் தெரியாதா? தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடித்தபின் திருப்பிக் கொடுப்பார்கள். இந்த வயதில் இதைத் தூக்கிக்கொண்டு போய் நான் எந்த வாக்குச்சாவடியைப் பிடிக்கப் போகிறேனோ, தெரியவில்லை. ஆனாலும் அரசாங்கம் என்னையும் ஓர் ஆபத்தாக மதிக்கிறது பார், அதில் எனக்கு ஒரு சந்தோஷம். என் மருமகள்கூட அப்படி மதிப்பதில்லை.

எஸ்.ஐ. சாப்பிடப் போயிருக்கிறாராம். புதிதாக மாற்றலாகி வந்தவராம். பழையவராக இருந்தால் ஒரு சீட்டை ஒட்டி உள்ளே வைத்துவிட்டு அனுப்பிவிடுவார். புதியவர்கள் எல்லாவற்றையும் திறந்து பார்ப்பார்கள். பார்க்கட்டும். அதுவரை உனக்கும் பொழுது போக வேண்டும், எனக்கும் போக வேண்டும்.

இது என் வீட்டுக்காரருடையது. பொன்னுதுரை என்று பெயர். போய்ச் சேர்ந்துவிட்டார். லைசென்ஸ் இப்போது என் பேரில். என் பெயர் நவமணி. பி.ஏ. படித்தவள், அதில் மனோதத்துவம் ஒரு பாடம். அதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த மனோதத்துவம் மட்டும் இல்லையென்றால் அவர் இந்த மலையில் ஒரு வருஷம்கூட வேலை பார்த்திருக்க முடியாது. அதற்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், நன்றி என்று அவர் வாயிலிருந்து வரவில்லை. அதுதான் என் மனக்குறை. வேறு எந்தக் குறையும் அவர் வைக்கவில்லை.

எங்களுக்குக் கல்யாணமான புதிது. அவர் இங்கே ஒரு தேயிலை எஸ்டேட்டில் பயிற்சி உதவி மேனேஜர். நாசரேத்துக்காரர். கோயிலில் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்று பாடுகிறவர். என் அப்பா பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். “பாட்டுக்காரனை நம்பியா பெண்ணைக் கொடுக்கிறது?” என்று நிச்சயதார்த்தத்து அன்றுகூடக் கேட்டார். நான்தான் பிடிவாதமாகச் செய்துகொண்டேன். அந்த மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமாகவில்லை என்று அப்பாவிடம் போய் நிற்க முடியுமா? நீயே சொல். அப்போது நான் முழுகாமல் வேறு இருந்தேன்.

நிரந்தரம் எதைப் பொறுத்தது என்று கேள். தேயிலையைப் பொறுத்ததில்லை. பன்றியைப் பொறுத்தது.

சிரிக்காதே. எஸ்டேட் மேனேஜர் பெல்லியப்பா என்று ஒரு குடகுக்காரர். பிறந்த குழந்தைக்கே துப்பாக்கியைக் காட்டுகிற குடும்பம் என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அவருடைய கிளப்பில் கிறிஸ்துமஸ் விருந்துக்குக் காட்டுப்பன்றிக் கறி வேண்டும். அந்தப் பன்றியை அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த உதவி மேனேஜர்தான் சுட வேண்டும். எந்த உத்தரவிலும் இது எழுதியிருக்காது. ஆனால் எங்களுக்கு முந்தின வருஷம் இருந்த பையன் சுடவில்லை. புது வருஷம் பிறந்ததும் அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மாமனாருடைய மளிகைக் கடையில் மிளகாய் நிறுத்துக்கொண்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டோம். அப்போதெல்லாம் வேட்டைக்குத் தடை வரவில்லை. மறு வருஷம்தான் வந்தது.

சரி, சுடத் தெரியாதா இவருக்கு? அங்கேதான் வேடிக்கை. பங்களாவுக்குப் பின்னால் பவுடர் டப்பாக்களை வரிசையாக வைத்து அடிப்பார். ஒன்று விடாமல் விழும். ஆடுகிற கொடிக்கயிற்றில் துணி கிளிப்பை மாட்டி, அதை அடித்தவர் அவர். என் கண்ணால் பார்த்தேன். என் கிளிப் அது. ஆனால் காட்டுக்குள் போய்ப் பன்றியைப் பார்த்துவிட்டால் தப்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் போவார். ஒரே ஒரு சத்தம், மலை முழுவதும் கேட்கும். எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். அதற்குப் பிறகு அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு அணில்கூட இருக்காது. தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார்.

“என்ன அத்தான்?”

“ஒரு சாண் தப்பிட்டு, நவமணி.”

ஒவ்வொரு ஞாயிறும் இதே பதில். ஒரு சாண். கூடப் போன ஆட்களும் அதையேதான் சொன்னார்கள். பன்றியின் தலைக்கு மேலே ஒரு சாணில் மரத்தில் குண்டு ஏறியிருக்கும், அல்லது முன்னால் ஒரு சாணில் மண் பறந்திருக்கும். அதிர்ஷ்டம் கெட்டவர்.

நான் உட்கார்ந்து யோசித்தேன். டப்பாவை அடிக்கிற மனிதர் பன்றியை ஏன் அடிக்க முடியவில்லை? டப்பா அடிப்பது பழைய சின்னத் துப்பாக்கியால். காட்டுக்கு எடுத்துப் போவது ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய பெரிய ரைஃபிள். யானைக்குச் செய்தது. அதன் தோட்டாவைப் பார்த்தால் என் சுண்டுவிரலைவிடப் பெரிது. அது உதைக்கிற உதையில் அவர் தோள் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறிவிடும். உப்பை வறுத்துத் துணியில் கட்டி நான்தான் ஒத்தடம் கொடுப்பேன். அப்போது எனக்குப் பளிச்சென்று விளங்கியது. இவருக்கு உதையும் சத்தமும் பயம். விசையை அழுத்துவதற்கு முன்னாலேயே உடம்பு அதை எதிர்பார்த்துச் சுருங்குகிறது. கண்ணை மூடிவிடுகிறார். குழல் ஆடிவிடுகிறது. சுத்தமான மனோதத்துவம்.

அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, “அதான் காரணமா இருக்கும், கேட்டியா. நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். உடனே ஒத்துக்கொண்டார். நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை.

அதற்குப் பிறகு நான் சும்மா இருப்பேனா? முதலில் காதுக்குப் பஞ்சு. தேங்காய் எண்ணெயில் நனைத்து உருட்டி வைத்துவிட்டேன். “பஞ்சை வச்சுக்கிட்டா பன்னி வாறது கேக்காதே, ஏளா” என்றார். காதில் வாங்காமல் வைத்து அனுப்பினேன். அவருக்குப் பன்றி வந்தது மட்டுமில்லை, மேனேஜர் பின்னாலிருந்து கூப்பிட்டதும் கேட்கவில்லை. அதற்கு ஒரு திட்டு. அடுத்து, தோளில் பதிகிற துப்பாக்கிக் கட்டையின் அடியில் ரப்பர் செருப்பை வெட்டி ஒட்டினேன். நீல வார் செருப்பு. மழையில் கோந்து விட்டுப்போய், அவர் குறி பார்க்கும்போது அது கழன்று கழுத்துக்குள் விழுந்ததாம். கடைசியில் இலவம்பஞ்சு வாங்கி, அவருடைய காக்கிக் கோட்டின் வலது தோளில் உள்பக்கமாக ஒரு சின்னத் தலையணையே தைத்துவிட்டேன். பிறக்கப் போகிற பிள்ளைக்கு வாங்கின பஞ்சு. மேனேஜர் பார்த்துவிட்டு, “என்ன மேன் பொன்னுதுரை, ஒரு பக்கம் மட்டும் சம்பளம் கூடியாச்சா?” என்று கேட்டாராம்.

எதற்கும் அந்த ஒரு சாண் குறையவில்லை.

அப்புறம்தான் துப்பாக்கியையே மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தேன். கோயம்புத்தூரில் ஹக்கீம் பாய் என்று ஒருவர் துப்பாக்கிக் கடை வைத்திருந்தார். இவரை இழுத்துக்கொண்டு பஸ்ஸில் மலை இறங்கினேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் நான் வாந்தி எடுத்தேன். இவர் ஜன்னல் பக்கம் பார்த்துப் பாடிக்கொண்டே வந்தார்.

கடையில் நான் கேட்டது ஒன்று, இவர் கேட்டது ஒன்று.

“பாய், உதை கம்மியா, சத்தம் கம்மியா ஒண்ணு காட்டுங்க” என்றேன் நான்.

“பாய், இதவிடச் சத்தமா ஏதாவது இருக்கா?” என்று இவர் கேட்கிறார்.

பாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “சார், சத்தமா இருந்தா முதல் குண்டோட காடே காலியாயிடுமே?”

“அதான்... சத்தம்னா ஒரு மரியாதை இருக்கும்ல?” என்றார் இவர்.

ஆண்களுக்கு இதில் ஒரு வீம்பு. பெரிய துப்பாக்கி, பெரிய சத்தம். நான் அவரைப் பேச விடவில்லை. பாயிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இப்போதும் யாராவது எழுப்பிக் கேட்டால் சொல்வேன். துப்பாக்கி கனமாக இருந்தால் உதை குறையும், ஏனென்றால் பாதியை அதுவே வாங்கிக்கொள்ளும். குழல் நீளமாக இருந்தால் சத்தம் காதை விட்டுத் தள்ளிப் போய் வெடிக்கும். தோட்டா சின்னதாக இருந்தால் இரண்டும் குறையும். பன்றிக்குச் சின்னத் தோட்டாவே போதும், யானைக்குச் செய்ததை எடுத்துப் போவது கொசுவுக்கு உலக்கையைத் தூக்குகிற மாதிரி என்றார் பாய். எல்லாவற்றையும்விட முக்கியம், கட்டை கைக்கு அளவாக இருப்பது. கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால் விரல் விசையைத் தொட வேண்டும். அளவு சரியில்லாத துப்பாக்கிதான் அதிகம் உதைக்கும். அளவு சரியில்லாத கல்யாணமும் அப்படித்தான் என்று நான் சொன்னேன். பாய் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

இவர் எந்தத் துப்பாக்கியை எடுத்தாலும் “பரவாயில்ல, பரவாயில்ல” என்று வைத்துவிடுவார். அதனால் நானே ஒவ்வொன்றாகத் தோளில் வைத்துப் பார்த்தேன். இது கைக்கு வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. புது ஜாக்கெட் மாதிரி உட்கார்ந்தது. கடைக்குப் பின்னால் மண்மேடு ஒன்று இருந்தது. அங்கே ஒரு தோட்டா சுட்டும் பார்த்தேன். யாரோ தோளைத் தட்டிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

“உன் கைக்குல்லா அளவா இருக்கு, நவமணி?” என்றார் இவர்.

“நாம ரெண்டு பேரும் ஒரே உயரம்தான் அத்தான்” என்றேன். கொஞ்சம் வித்தியாசம் இருக்கலாம். இருந்தால் என்ன? யானைத் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு இதை வாங்கினோம். திரும்பி வரும்போது அவர் பாடவில்லை. பெரிய துப்பாக்கி போன வருத்தம்.

கடையை விட்டுக் கிளம்பும்போது பாய் ரகசியமாக எனக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்திருந்தார். தோட்டாக்களுக்கு நடுவே, அவருக்குத் தெரியாமல், சுட்டுத் தீர்ந்த வெற்றுத் தோட்டா ஒன்றை வைத்துவிட வேண்டும். அவர் விசையை அழுத்துவார், வெடிக்காது. அந்த நேரத்தில் குழல் நுனியைப் பார்க்க வேண்டும். பயந்த ஆளாக இருந்தால் வெடிக்காத துப்பாக்கிக்கே குழல் ஒரு குதி குதிக்கும். அப்படியே செய்தேன். டப்பா வைத்தார், குறி பார்த்தார், அழுத்தினார். டக். குழல் நுனியில் ஒரு எறும்பு நின்றிருந்தாலும் விழுந்திருக்காது. பாறை மாதிரி நின்றது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. குணமாகிவிட்டது! புதுத் துப்பாக்கி வந்த இரண்டே நாளில் பயம் போய்விட்டது. இவர் துப்பாக்கியைத் திறந்து அந்த வெற்றுத் தோட்டாவை எடுத்து என்னிடம் நீட்டினார். “இது எப்படி உள்ள வந்துச்சு, ஏளா?” என்றார். “பாய் தெரியாம வச்சிருப்பாரு” என்றேன். “இருக்கும், இருக்கும்” என்றார். அவரை ஏமாற்றுவது ரொம்பச் சுலபம்.

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. மேனேஜர் நாள் குறித்துவிட்டார். காலையில் போனோம். நானும் போனேன். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நீ எதற்கு என்றார் இவர். நான் தேர்ந்தெடுத்த துப்பாக்கி வேலை செய்வதை நான் பார்க்க வேண்டாமா? காட்டோரத்தில் ஜீப்பை நிறுத்தி, கூடையில் கேக்கும் ஃபிளாஸ்கில் காப்பியும் வைத்திருந்தார்கள். நானும் மேனேஜர் மனைவியும் மடக்கு நாற்காலியில். மேனேஜர் தன் துப்பாக்கியை ஜீப்பில் சாய்த்துவிட்டுக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். முதல் குண்டு புதியவனுடையது என்பது அவர்கள் மரியாதை. இவர் எங்களுக்குக் கொஞ்சம் முன்னால், மண்டியிட்டு. கீழே பள்ளத்தில் ஆட்கள் தகரம் தட்டிக்கொண்டே விரட்டி வந்தார்கள்.

வந்தது அம்மா ஒரு பன்றி. கறுப்பாக, ஈரமாக, யாரிடமும் கடன்படாத மாதிரி நடந்து வந்தது. ஓடக்கூட இல்லை. வெட்டவெளியில் நின்று, இவரைத் திரும்பிப் பார்த்தது. இங்கிருந்து அந்த கேட் வரைக்கும்தான் தூரம். படத்துக்கு நிற்கிற மாதிரி அசையாமல் நின்றது. நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். உதை இல்லை, சத்தம் இல்லை, கட்டை அளவு, பயம் குணம். இனி என்ன சாக்கு?

சுட்டார்.

பன்றியின் மூக்குக்கு முன்னால் வெள்ளைக் கல் ஒன்று கிடந்தது. அது இரண்டாகப் பிளந்தது.

ஒரு சாண்! அதே ஒரு சாண்! யானைத் துப்பாக்கியிலும் ஒரு சாண், இதிலும் ஒரு சாண். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அழுவதற்கு நேரமில்லை. முன்னால் கல் வெடித்ததும் பன்றி அப்படியே திரும்பி, நேராக எங்களைப் பார்த்து வந்தது. பெரிய துப்பாக்கியாக இருந்தால் அந்தச் சத்தத்துக்கே மலை தாண்டி ஓடியிருக்கும். என்ன செய்வது, நான் வாங்கினது மரியாதையான சத்தம். பன்றிக்கு எந்தப் பக்கமிருந்து வந்தது என்றே தெரியவில்லை.

பெல்லியப்பா இருக்கிறாரே, பிறந்த குழந்தைக்குத் துப்பாக்கி காட்டுகிற வம்சம், அவர் ஜீப்பின் பானெட்டில் ஒரு கால் வைத்தார், அடுத்த கால் மேல்கூரையில். காப்பிக் கோப்பை கையிலேயே இருந்தது. “அவ்வா! அவ்வா!” என்று அலறினார். குடகு மொழியில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அவர் மனைவி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. குடையை மடக்கி, பன்றி பக்கத்தில் போகும்போது அதன் பின்பக்கத்தில் ஒரு அடி வைத்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகாத பிள்ளையை அடிப்பது மாதிரி. அது கேக் கூடையை மிதித்துத் தள்ளிவிட்டுப் புதருக்குள் போய்விட்டது. அவ்வளவுதான் எங்கள் வேட்டை.

மேனேஜர் இறங்கி வந்தார். முகம் சிவந்து போயிருந்தது. காப்பி முழுவதும் சட்டையில். நான் நினைத்துக்கொண்டேன், முடிந்தது, மாமனாரின் மளிகைக் கடைகூட நமக்குக் கிடையாது, அப்பாவுக்கு இருப்பது பள்ளிக்கூடம்தான், அங்கே மணி அடிக்கிற வேலை காலியிருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

இவர் துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்தபடி நிதானமாக வந்து அவர் முன்னால் நின்றார்.

“சார், நீங்க ஜீப்பு மேல ஏறினத நான் பாக்கல.”

“என்ன சொல்றே மேன்?”

“பன்னியையே நான் சரியா பாக்கல சார். அப்புறம் ஜீப்ப எங்க பாக்க? நீங்க கத்தினதும் கேக்கல. என் வீட்டுக்காரி காதுல பஞ்சு வச்சு விட்டுருக்கா.”

அன்றைக்குப் பஞ்சு வைக்கவே இல்லை அம்மா! நான் வாயைத் திறக்கப் போனேன். மேனேஜர் மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினார். எதற்கு அழுத்தினார் என்று அப்போது புரியவில்லை. பயந்திருப்பார், பாவம்.

அந்தக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு டின் மீன்தான். புது வருஷம் பிறந்தது, வேலை நிரந்தரமாகிவிட்டது. அதற்கப்புறம் அந்த கிளப்பில் யாரும் புது ஆளைப் பன்றி சுடச் சொல்லவில்லை. ஏன் நிரந்தரமானது என்கிறாய்? துப்பாக்கிதான் காரணம். சத்தம் குறைவாக இருந்ததால்தான் மேனேஜருக்குத் தலைவலி வராமல் நிதானமாக யோசிக்க முடிந்தது. நான் இதை இவரிடம் பல தடவை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். “ஆமா நவமணி, துப்பாக்கிதான் காரணம்” என்பார். நன்றி என்ற வார்த்தை மட்டும் வராது.

இரு, இன்னும் முடியவில்லை. இதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன், நாம் இருக்கிற இடம் அப்படி.

வேட்டைக்குத் தடை வந்தபின் இவர் துப்பாக்கியைத் தொடவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் எண்ணெய் போட்டுத் துடைப்பதோடு சரி. ஓய்வு பெற்று இங்கேயே டவுன் ஓரத்தில் வீடு கட்டினோம். பின்னால் கொஞ்சம் மரவள்ளி போட்டேன். மரவள்ளி போட்டது நான், தின்றது பன்றி. வேரோடு பெயர்த்துப் போட்டுவிட்டுப் போகும். விடிந்தால் எனக்கு வயிறு எரியும். இவரிடம் சொன்னால், “அதுக்கும் பசிக்கும்ல” என்பார். பசிக்கு மரவள்ளி, சரி. அது என் ரோஜாச் செடியையும் அல்லவா பெயர்க்கிறது?

ஒரு நாள் காலையில் பொறுக்க முடியாமல் நானே துப்பாக்கியை எடுத்துவிட்டேன். சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றே வைத்துக்கொள். பின்கட்டு ஜன்னலில் வைத்துக் குறி பார்க்கிறேன். என் கைக்கு அளவான துப்பாக்கி. பன்றி நிற்கிறது. விசையில் விரல் வைக்கிறேன், பின்னாலிருந்து இவர் இருமுகிறார். சாதாரண இருமலா? பாடகர் குழு இருமல். பன்றி போயேபோய்விட்டது. மறுநாளும் அதே நேரம் பார்த்து அதே இருமல். டாக்டரிடம் காட்டினால் நெஞ்சில் ஒன்றுமில்லை என்கிறார்.

“விடமாட்ட போலிருக்கே” என்றார் இவர்.

“விடமாட்டேன் அத்தான்.”

“சரி, அப்ப குடு. நல்லா துடைச்சுத் தாரேன். துரு இருந்தா உதைக்கும்.” அன்று முழுவதும் வெயிலில் உட்கார்ந்து துப்பாக்கியைப் பிரித்துப் போட்டுத் துடைத்தார். என் மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம்தான், நான் பாவாடைக்கு நாடா கோர்க்க ஊக்கைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ ஒரு கம்பியைக் கொண்டுவந்து கொடுத்தார். எஃகுக் கம்பி, வழவழவென்று. முனை சிறுத்து, பின்னால் ஒரு வெட்டு. அந்த வெட்டில் நாடாவை முடிந்துவிட்டால் மடிப்புக்குள் சர்ரென்று ஓடும். இத்தனை வருஷத்தில் அவராக யோசித்து எனக்குக் கொடுத்த உருப்படியான பொருள் அது ஒன்றுதான். இன்றைக்கும் என் தையல் டப்பாவில் இருக்கிறது.

மறுநாள் காலை பன்றி வந்தது. நான் குறி பார்த்தேன். இவர் இருமவில்லை. சந்தோஷமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அழுத்தினேன். டக். மறுபடி தோட்டாவை மாற்றி அழுத்தினேன். டக். பன்றி காதை ஒரு தரம் ஆட்டிவிட்டு மரவள்ளியைத் தின்றது. தோட்டா எல்லாம் மழைக்கால ஈரத்தில் நமுத்துப் போயிருக்கிறது. இவர் அடக்க முடியாமல் சிரிக்கிறார்.

“பாத்தியாளா, நீ ஆசப்பட்ட துப்பாக்கி. உதையும் கிடையாது, சத்தமும் கிடையாது.”

நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

என்ன அப்படிப் பார்க்கிறாய்? என்ன? வேண்டுமென்றே தப்பவிட்டாரா? சே, சே. அவருக்குக் குறி தெரியாது என்று சொல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இத்தனை வருஷம் என்னை ஏமாற்றினார் என்று மட்டும் சொல்லாதே. அவ்வளவு சாமர்த்தியம் அவருக்குக் கிடையாது. மேலும் நான் மனோதத்துவம் படித்தவள்.

இரு, கூப்பிடுகிறார்கள். துப்பாக்கியைச் சுற்றியிருக்கிற இந்தப் போர்வையின் அந்த முனையைக் கொஞ்சம் தூக்கிவிடு.

இன்னும் இருக்கிறாயா? நல்லது. கொஞ்சம் நகர்ந்துகொள், உட்காருகிறேன். 

எஸ்.ஐ. ஒரு பெண். உன் வயதுதான் இருக்கும். துப்பாக்கியை வாங்கின வேகத்தில், பேனா மூடியைக் கழற்றுவது மாதிரி அதன் பின்பக்கத்தைக் கழற்றிவிட்டாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“அம்மா, இதுல பின்னே இல்லையே?”

“எந்தப் பின்?”

“ஃபயரிங் பின். தோட்டாவோட முதுகுல போய் அடிக்குமே, அந்த ஊசி. அது இல்லாம இது சுடவே சுடாது. வெறும் இரும்பு.”

பக்கத்தில் இருந்த ஏட்டு சிரிக்கிறான். “அப்ப ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் நாம ஒரு உலக்கைக்கா மேடம் காவல் இருந்தோம்?”

துருப்பிடித்து உதிர்ந்திருக்கும் என்றேன். “உதிரலம்மா. யாரோ கழட்டியிருக்காங்க. எண்ணெய் போட்டு, ஒரு கீறல் இல்லாம, பொறுமையாக் கழட்டியிருக்காங்க” என்றாள். என் முகத்தைப் பார்த்தாளோ என்னவோ, ஸ்டேஷன் துப்பாக்கி ஒன்றைப் பிரித்து, அதிலிருந்த ஊசியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். “இந்த மாதிரிதான் இருக்கும். வீட்டுல எங்கயாவது பாத்திருக்கீங்களா? இருந்தா கொண்டு வாங்க, எங்க ஆளே மாட்டித் தந்துடுவார்.”

எஃகு. வழவழவென்று. முனை சிறுத்து, பின்னால் ஒரு வெட்டு.

பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

போலீஸ் ஸ்டேஷனில் வந்து பொய். இந்த வயதில். வேறென்ன செய்ய? அவருக்கு எப்போதும் மறதி அம்மா. கழற்றின சாமானை எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாது. எது எதற்கு என்று தெரியாமல் கைக்குக் கிடைத்ததை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் விஷயம். நீ வேறு எதையும் கற்பனை செய்துகொள்ளாதே. ஆனால் அதைக் கொண்டுவந்து இதில் மாட்டிவிட்டால் நான் என் பாவாடைக்கு எதை வைத்து நாடா கோர்ப்பது? ஊக்கு பாதி வழியில் திறந்துகொள்கிறது.

பன்றியா? வருகிறது. நேற்றும் வந்தது. இந்த வருஷம் மரவள்ளியை வேலிக்கு வெளியேயும் கொஞ்சம் போட்டிருக்கிறேன்.

சரி, உன்னைக் கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது. இரு, நான் முதலில் எழுந்திருக்கிறேன். பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். சட்டென்று எழுந்தால் உன்னைத் தூக்கி அடித்துவிடும். இங்கே உதைக்கிறது இது ஒன்றுதான்.